மண்டபப் பொறுப்பாளருக்குச் சங்க அங்கத்துவம் எதற்கு?

கேள்வி: வெள்ளவத்தை வாசகர் ஒருவர், 2025 மார்ச் 4

மண்டப முகாமைத்துவமும் ஒரு தொழில்வாண்மைத் துறை என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். என் மைத்துனர் கொழும்பில் ஒரு மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு டொலரில் சந்தா கட்டிச் சேரப்போகிறாராம். கதவைத் திறந்து, கதிரையை எண்ணி, விளக்கை அணைக்கிற வேலைக்குப் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வேண்டுமா? பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் போன்ற இடத்துக்கென்றால் சரி. கலியாண மண்டபத்துக்கு எதற்கு?

பதில்: 2025 மார்ச் 4, இரவு

கதிரை எண்ணுவது சின்ன வேலை என்கிறவர் ஓர் அரங்கேற்ற மாலையில் வந்து எண்ணிப் பார்க்கட்டும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு நடுத்தர மண்டபம் என் பொறுப்பில் இருக்கிறது. பெயர் வேண்டாம், தர்மகர்த்தாக்களும் இணையத்தில் உலாவுகிறார்கள்.

ஐந்நூறு பேருக்கென்று எழுதிக் கொடுத்த மண்டபம். ஆறரை மணிக்கு அறுநூறு பேர் வந்துவிடுவார்கள். ஆடும் பிள்ளையின் பெரியப்பா களஞ்சிய அறைச் சாவியைத் தானே வாங்கிப்போய், பிளாஸ்டிக் கதிரைகளை நடைவழியில் இரண்டு வரிசையாகப் போடுவார். அந்த நடைவழிதான் அவசர வழி. "தம்பி, இடைவேளை வரைக்கும்தானே" என்பார். அவரிடம் "முடியாது ஐயா" என்று சொல்ல நான் யார்? காசு கட்டி எடுத்தவர் அவர். தர்மகர்த்தா சபையில் ஒருவருக்குச் சம்பந்தியும்கூட.

மைத்துனருக்கு அங்கத்துவம் எதற்கென்றால் இதற்குத்தான். "முடியாது" என்று சொல்லும்போது பின்னால் வந்து நிற்க யாராவது வேண்டும்.

2025 மார்ச் 5

மூன்று எழுத்துப் பற்றி. ஐ.ஏ.வி.எம். என்கிற சர்வதேச அரங்க முகாமையாளர்கள் சங்கம் 1924இல் அமெரிக்காவில் தொடங்கியது. கண்காட்சித் துறையின் உலகச் சங்கமான யு.எஃப்.ஐ. 1925இல் மிலான் நகரில் பிறந்தது. மாநாட்டு மண்டபங்களுக்கான ஏ.ஐ.பி.சி. 1958இல். ஆசிய பசிபிக் பக்கத்துக்கென்று பிரிஸ்பேனிலிருந்து இயங்கும் வி.எம்.ஏ. என்கிற மண்டப முகாமைத்துவச் சங்கம் ஒன்றும் உண்டு. சாவிக்காரர்கள் கூடிப் பேசத் தொடங்கி நூறு வருடம் கடந்துவிட்டது. நமக்குத்தான் செய்தி தாமதமாக வந்திருக்கிறது.

ஐ.ஏ.வி.எம். கொடுக்கும் உயர் தகுதி சி.வி.இ., அதாவது சான்று பெற்ற அரங்க நிர்வாகி. முன்பு சி.எஃப்.இ. என்றிருந்ததைப் பெயர் மாற்றினார்கள். அதற்குக் கீழே சி.வி.பி. என்றொரு படி உண்டு. வி.எம்.ஏ.வுக்கு அதன் சொந்தத் தகுதியும் மண்டப முகாமைத்துவப் பள்ளியும் இருக்கின்றன. சந்தா கட்டியவுடன் அந்த எழுத்துகள் வந்து ஒட்டிக்கொள்ளா. அங்கத்துவம் வேறு, தகுதிச் சான்று வேறு. மைத்துனர் இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டுதான் பணம் அனுப்புகிறாரா என்று கேட்டுவையுங்கள்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் மாநாட்டுப் பணியகம் இருக்கிறது. மாநாடு, கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் அவை மாநாட்டை நாட்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும் உரியவை. மெயின் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் டோர்ச் லைட்டோடு நிற்கிறவன் வாட்ஸ்அப் குழுவில்தான் சங்கம் வைத்திருக்கிறான். அந்தக் குழுவில் பாதி, காலை வணக்கப் பூக்கள்.

2025 மார்ச் 5, பின்னேரம்

பெரிய மண்டபம், சின்ன மண்டபம் என்று பிரித்ததற்கும் ஒரு பதில் மிச்சம் இருக்கிறது. பண்டாரநாயக்க மண்டபம் 1973இல் திறக்கப்பட்டது. 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு அங்கேதான் நடந்தது. அங்கே தொழில்நுட்பப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு என்று தனித்தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற இடத்தில் அத்தனை பிரிவும் ஒரே ஆள், மதியச் சாப்பாட்டைக்கூட மேடைக்குப் பின்னால் நின்றபடி தின்கிறவர். யாருக்குப் பயிற்சி அவசரம்?

2025 மார்ச் 11

"வெளிநாட்டு விதி நமக்குப் பொருந்துமா?" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன்.

2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி. மேடையில் விட்ட மத்தாப்பு சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலையே நோக்கி ஓடி அங்கே நெரிபட்டார்கள். பிறகு அந்நாட்டுத் தீப் பாதுகாப்பு விதியைத் திருத்தினார்கள். 250 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூட்டத்தை வழிநடத்தப் பயின்ற ஆள் இருக்கவேண்டும் என்ற விதி அப்போதுதான் இறுகியது.

நம் ஆட்களும் அப்படியேதான் ஓடுவார்கள். செருப்பைக் கழற்றிவைத்த வாசல் எதுவோ அந்த வாசலுக்கு. கோயில் மண்டபம் என்றால் கேட்கவே வேண்டாம், முதலில் செருப்பைத் தேடுவார்கள்.

இப்போது கலியாணங்களில் குளிர்ப் பொறி இயந்திரம் என்று ஒன்று வருகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வர இரண்டு பக்கமும் வெள்ளிப் பூவாகப் பொறி பறக்கும். "குளிர்தான் அண்ணா, கையை வைத்துப் பாருங்கள்" என்கிறார் கொண்டுவருகிற பையன். பொறி உயரே போய் ஆறுவது உண்மை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகத் துகள். வாயருகே சூடு சாதாரணமானதல்ல. அந்தத் துகள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் மோசமாகும். உலர்ந்த மணல் வேண்டும். எங்கள் மண்டபத்தில் சேலைச் சோடனைக்குப் பக்கத்தில் அதை வைக்க விடுவதில்லை. இயந்திரம் வருகிறதென்றால் மணல் வாளியும் வரவேண்டும். இதைச் சொன்னபோது என்னைப் பழைய காலத்து ஆள் என்றார்கள். கோப்பிலிருந்த விதியின் பிரதியை எடுத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார்கள். அதே வாய், அதே செய்தி, ஒரு தாள் மட்டும் கூடுதல்.

2025 மார்ச் 12

சோடனை என்றதும் கற்பூரம் நினைவுக்கு வந்தது. புகை உணர்கருவி பொருத்திய மண்டபங்களில் நம் நிகழ்ச்சிகள் படும் பாடு தனிக் கதை. ஆரத்தி எடுத்தால் அலாரம், சாம்பிராணி போட்டால் அலாரம், ஹோமம் என்றால் அந்த நினைப்பே வேண்டாம். எல்லோரும் செய்வது என்ன? காலையிலேயே முழு அமைப்பையும் அணைத்துவிடுவது. இரவு மறந்துவிடுவது. அடுத்த வாரம் வரை மண்டபம் மூக்கில்லாமல் கிடக்கும்.

செய்யவேண்டியது வேறு. மேடைப் பகுதி உணர்கருவிகளை மட்டும் அந்த நேரத்துக்கு அணைத்து, ஒரு ஆளைத் தீயணைப்புக் கருவியோடு அங்கே நிறுத்தி, அணைத்த நேரத்தையும் திரும்பப் போட்ட நேரத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். புகையோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் கருவிகள் வந்திருக்கின்றன, சாம்பிராணிக்குக் கொஞ்சம் பொறுமையாக இருக்கும். விலைக்குச் சபை இன்னும் பொறுமையாக இல்லை.

2025 மார்ச் 20

தொழில்நுட்பம் என்றால் முன்பதிவு மென்பொருளைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். உலகப் பெரிய மண்டபங்கள் பலவற்றில் இருப்பது மொமெண்டஸ். முன்பு உங்கர்போக் என்ற பெயரில் இருந்தது. அதன் அடிப்படை எளிது. ஒரு திகதிக்கு முதல் உரிமை ஒருவருக்கு, இரண்டாம் உரிமை இன்னொருவருக்கு; இரண்டாமவர் பணத்தோடு வந்தால் முதலாமவருக்குக் கெடு கொடுத்துக் கேட்பார்கள். எங்கள் டயரியில் பென்சிலால் எழுதியிருப்பதும் இதே முறைதான். என்ன, எங்களிடம் அழிறப்பரும் ஓர் அதிகாரி.

அந்த மென்பொருளுக்குத் தெரியாதது பஞ்சாங்கம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளுக்கு எட்டுப் பேர் அடிபடுவார்கள். ஆடியும் மார்கழியும் காற்று வாங்கும். வார இறுதியைப் பார்த்து வாடகையை ஏற்றி இறக்கும் கணிப்பு முறையை எங்களுக்கு ஒரு விற்பனையாளர் காட்டினார். சுப நாளாக வந்த ஒரு புதன்கிழமைக்கு அது விலையைக் குறைத்தது. நான் சிரித்தேன், அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

ஆனால் டயரியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களோடும் நான் இல்லை. டயரி ஒரே இடத்தில்தான் இருக்கும். சபைத் தலைவர் தொலைபேசியில் ஒருவருக்கு வாக்குக் கொடுப்பார், அலுவலகத்தில் பிள்ளை இன்னொருவரிடம் முற்பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இலவச இணைய நாட்காட்டி ஒன்று போதும். முற்பணம் கட்டாமல் எந்தப் பெயரும் பச்சை நிறமாகாது என்று வைத்தோம். தலைவரின் வாக்குக்கும் அதே நிறம்தான். அவர் முதலில் கோபித்தார். இப்போது "கணினி விடவில்லை" என்று தன் உறவினர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்.

2025 ஏப்ரல் 4

பிரித்தானியாவில், ஆட்கள் கூடும் இடங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் மார்ட்டின் சட்டம் நேற்று அரச ஒப்புதல் பெற்றுவிட்டது. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் நடந்த குண்டுத் தாக்குதலில் மகன் மார்ட்டினை இழந்த தாய் பல வருடம் போராடிக் கொண்டுவந்தது. 200 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களுக்கு ஓர் அடிப்படைக் கடமை, 800 பேரோ அதற்கு மேலோ என்றால் இன்னும் கூடிய கடமை. 200! வெள்ளவத்தையில் பூப்புனித நீராட்டு விழாவுக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

கவனியுங்கள், அடிப்படைக் கட்டத்தில் இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. ஆட்களை எப்படி வெளியேற்றுவது, எப்படி உள்ளே வைத்துக் கதவடைப்பது, யார் யாருக்கு எப்படித் தகவல் சொல்வது என்ற ஒழுங்குகளைத்தான் கேட்கிறார்கள். நம் மண்டபங்களில் முதலாவதையாவது யாரோ யோசித்திருப்பார்கள். உள்ளே வைத்துக் கதவடைப்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

2025 ஏப்ரல் 22

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்கு நேற்று ஆறு வருடம் நிறைந்தது. 2019க்குப் பிறகு சில மாதம் ஒவ்வொரு மண்டப வாசலிலும் கைப்பை சோதித்தார்கள். பிறகு அது தளர்ந்து, மேசை மட்டும் மிஞ்சி, பிறகு அந்த மேசையும் சந்தனக் கிண்ணம் வைக்கப் போய்விட்டது.

நடந்துகொண்டே கடந்துபோகிற ஆயுத உணர்கருவி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நிறுத்தாமல் சோதிக்கலாம் என்பது கவர்ச்சியான பேச்சு. அதில் பெயர்பெற்ற எவோல்வ் நிறுவனம், தன் கருவியின் திறமை பற்றி மிகைப்படுத்திச் சொன்னதாக 2024 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வாங்குகிறவர்கள் விளம்பரத்தைப் பார்க்காமல், கத்தி ஒன்றைப் பையில் வைத்து நடந்து பார்க்கட்டும். எங்களுக்கென்றால் பையைத் திறந்து பார்க்கத் தெரிந்த இரண்டு பெண் ஊழியர்களும், அவர்களைத் திட்டுகிற விருந்தினரைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் போதும். எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த அதிகாரத்துக்கே வந்து நிற்கிறது.

2025 மே 3

செவ்வாய்க்கிழமை உள்ளூராட்சித் தேர்தல். அரசியல் கூட்டங்களுக்குச் சொன்ன தொகைக்கு மேலே ஆட்கள் வருவது வழமை, ஒலிபெருக்கியும் அவர்களுடையதே. இந்த முறை ஒரு விற்பனையாளர் பரீட்சார்த்தமாகத் தந்த ஆள் எண்ணும் கருவியை வாசலுக்கு மேலே மாட்டியிருந்தோம். உள்ளே போனவர், வெளியே வந்தவர், மிச்சம் எத்தனை என்று கைத்தொலைபேசியில் காட்டும். இடுப்பில் இருக்கிற குழந்தையை எண்ணாது, அதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டியதும் திரையைக் காட்டி வாசலை மூடினேன். நான் கண்ணால் மதித்துச் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலம் வாக்குவாதம் நடந்திருக்கும். எண்ணைப் பார்த்ததும் அமைப்பாளர் வெளியே ஒரு திரையைக் கட்டினார். மனிதனோடு சண்டை போடுகிற ஆட்கள் இயந்திரத்தோடு போடமாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கவலையும் உண்டு, நாளைக்கு அது பிழையாக எண்ணினாலும் இப்படியே நம்புவார்கள்.

முகத்தை அடையாளம் காணும் கமரா வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நியூயோர்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் நிர்வாகம், தனக்கு எதிராக வழக்காடும் நிறுவனங்களின் சட்டத்தரணிகளை அதைக் கொண்டு வாசலில் பிடித்துத் திருப்பி அனுப்பியது. 2022இல் பெரிய சர்ச்சை. நம் நாட்டிலும் அதே ஆண்டில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. தலையை எண்ணினால் போதும், யாருடைய தலை என்பது எனக்குத் தேவையில்லை. சம்பந்திச் சண்டைகளுக்கு அந்தக் கமராவைக் கேட்டு வருகிறவர்கள் வேறு இருப்பார்கள்.

2025 மே 9

மேடைக்குப் பின்னால் படம் காட்டும் எல்.இ.டி. சுவரும் ஜெனரேட்டரும், சுருக்கமாக. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், டீசல் இல்லாமல் கலியாணங்களைப் பகலுக்கு மாற்றினோம். அப்போது தெரிந்துகொண்ட கணக்கு இன்றும் உதவுகிறது. உள்ளரங்க எல்.இ.டி. சுவர் ஒரு சதுர மீட்டருக்கு உச்சத்தில் அரைக் கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். இருபதுக்குப் பத்து அடிச் சுவர் என்றால் பத்துக் கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளைப் படம் வரும் கணத்தில்தான் அந்த உச்சம். ஒத்திகையில் கருநீலப் பின்னணியைப் போட்டுவிட்டு "எல்லாம் சரி" என்பார்கள். நிகழ்ச்சியில் மணப்பெண்ணின் படம் வெள்ளையாக வரும்போது ட்ரிப் சுவிட்ச் விழும். வெள்ளைத் திரையைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டாமல் நான் சாவி கொடுப்பதில்லை.

இதைச் சொல்லித்தர எந்தச் சங்கமும் வேண்டியதில்லை, எங்கள் மின்னியலாளர் போதும். அவரைப் பற்றி அடுத்து எழுதவேண்டும்.

2025 மே 15

எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். அங்கத்துவத்துக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே வாதாடியிருக்கிறேன் போலிருக்கிறது. முகாமையாளருக்கு எழுத்துகள் கிடைக்கட்டும். ஆனால் தீ பிடித்தால் முதலில் ஓடிவருவது இரவுக் காவலாளி. மின்சாரத்தைத் துண்டிப்பது அந்த மின்னியலாளர். தலைமுடி நரைத்த மனிதர், ஒரு சான்றிதழும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கேயே வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்கிற என்.வி.கியூ. முறையில் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒன்று உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்துவந்த வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். டொலர் வேண்டாம். மைத்துனரின் மண்டபத்தில் காசு குறைவென்றால், அங்கேயிருந்து தொடங்குவது நல்லது. எங்கள் மின்னியலாளரிடம் சொன்னேன். "இனிமேல் யாருக்குத் தம்பி காட்டப்போகிறேன்?" என்றார். சபைக்குக் காட்டலாம் என்றேன். யோசிக்கிறாராம்.

டொலர் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சேர்வதென்றால் மைத்துனர் தன் கையிலிருந்து கட்டக்கூடாது. மண்டபம் கட்டவேண்டும், சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கட்டவேண்டும். தான் பணம் கொடுத்து வாங்கிய ஆலோசனையைச் சபை கேட்கும். ஊழியர் தானாகத் தேடிக்கொண்ட பட்டத்தை நடைவழிக் கதிரையைப் போலத் தள்ளிவைத்துவிடும்.

2025 மே 28

வெள்ளவத்தை வாசகரின் மைத்துனர் என்னோடு பேசினார். தங்கமான ஆள். சந்தாவை இந்த வருடம் தள்ளிப்போட்டு, முதலில் முன்பதிவுப் படிவத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்போகிறார். எங்கள் சபை போன வாரம் ஏற்றுக்கொண்ட வாசகம்தான். கேட்ட மற்றவர்களுக்காகவும் இங்கே போடுகிறேன்:

"அனுமதிக்கப்பட்ட ஆட்தொகை மீறப்பட்டாலோ, அவசர வழி அடைபட்டாலோ, தீ அல்லது மின் ஆபத்து உண்டென்று கருதினாலோ, நிகழ்ச்சியை இடைநிறுத்தவும் மண்டபத்தை வெறுமையாக்கவும் கடமையிலுள்ள மண்டப முகாமையாளருக்கு முழு அதிகாரம் உண்டு. இதன்பொருட்டு வாடகைக் கழிவு கோரமுடியாது. தர்மகர்த்தா சபை உறுப்பினர்களின் வாய்மொழி அனுமதி இதை மாற்றாது."

கடைசி வரிக்காகத்தான் இரண்டு கூட்டம் நடந்தது. உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுங்கள். படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடவேண்டாம். முற்பணத் தொகைக்கு நேர் கீழே, கையொப்பத்துக்கு மேலே போடுங்கள். காசுத் தொகையை மட்டும் எல்லோரும் படிப்பார்கள்.